குடும்பப் பெயர்

கட்டுநாயக்காவில் நிறுத்தினார்கள்.
கடவுச்சீட்டை வாங்கிய பெண் திரையைப் பார்த்தாள்,
பிறகு அவனைப் பார்த்தாள்,
பிறகு திரையை மட்டும் பார்த்தாள்.
பிளாஸ்டிக் கதிரையில் பதினொரு மணித்தியாலம்.
அங்கிருந்து தொடங்குகிறது என் வழக்கேடு.

திருகோணமலை நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் என் அறை.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
வாசலுக்கு மான்கள் வரும்.
பழைய பத்திரிகை, வாழைப்பழத் தோல்,
ஒருமுறை ஒரு காணி உறுதியின் பிரதி,
எல்லாம் தின்னும்.
கோப்புகளை மேல்தட்டில் வைக்கப் பழகிவிட்டேன்.

சுகிர்தன், வெல்டிங் மேற்பார்வையாளன்.
வளைகுடாவில் ஒன்பது வருஷம்.
"சும்மா ஒரு நடைமுறை" என்று
வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கினான் முதலாளி.
கொம்பனி மூழ்கியது. முதலாளி நீந்திப் போய்விட்டான்.
காசோலை மட்டும்
இவன் பெயரோடு கரையொதுங்கியது.

சிவப்பு அறிவித்தல் பிடியாணை அல்ல.
நீதவானுக்குச் சொன்னேன்.
குற்றப் புலனாய்வுக்காரருக்குச் சொன்னேன்.
நாடுகடத்தல் விண்ணப்பம் எடுக்கப்பட்ட அன்று
இரவு ரயிலில் தூங்காத கண்ணோடு
கொழும்பு மேல்நீதிமன்றத்தில் மறுபடி சொன்னேன்:
இது ஒரு பொலிஸ் இன்னொரு பொலிஸுக்கு எழுதிய கடிதம், ஐயா.
கடிதத்தை நம்பி ஆளைக் கட்டிக்கொடுப்பது
கலியாணத்தில்தான் நடக்கும்.
நீதிபதி சிரிக்கவில்லை.
தவணை கொடுத்தார்.

ஞாயிறுதோறும் துறைமுகப் பொலிஸில் கையெழுத்து வைக்கிறான்.
குடாவில் வெளிநாட்டுக் கப்பல் நின்றால்
முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறான்.

லியோனில் ஓர் ஆணைக்குழு இருக்கிறது,
இன்டர்போலின் கோப்புகளைச் சரிபார்க்க.
தனியார் கடனுக்காக உலகத்தைத் தட்டி எழுப்பக்கூடாது
என்று அவர்களுடைய விதியே சொல்கிறது.
அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், பதினெட்டுப் பக்கம்,
முப்பத்தொரு இணைப்பு.
அச்சிடும்போதுதான் கண்ணில் பட்டது.

குடும்பப் பெயர்: கதிர்காமத்தம்பி.

படம் மகனுடையது, பிறந்த திகதி மகனுடையது.
பெயர் தகப்பனுடையது.
எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்?
முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு நாங்கள்.
அந்த எழுத்துக்குள் தகப்பன் சுருண்டு படுத்திருப்பான்.
கணினி அவரைத் தட்டி எழுப்பி
முன்வரிசையில் நிறுத்திவிட்டது.
நூற்றுத் தொண்ணூற்றாறு நாடுகள்
கதிர்காமத்தம்பியைத் தேடுகின்றன.

தொண்ணூறாம் ஆண்டு ஆனிக் கடைசியில்
ஐஸ்பெட்டி கட்டிய சைக்கிளோடு
நிலாவெளி வீதியால் போனவர்.
சைக்கிளை யாரோ கொண்டுவந்து
வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள்.

சத்தியக்கடதாசியில் ஒப்பமிட வந்த மங்களேஸ்வரி,
சுகிர்தனின் தாய்,
மேசையில் நான் குறித்து வைத்திருந்ததை
விரல் வைத்து வாசித்தார்.
சிவப்பு, தேடப்படுபவர். நீலம், விபரம் கேட்டு.
கறுப்பு, அடையாளம் தெரியாத சடலம்.
மஞ்சள்
என்ற இடத்தில் விரல் நின்றது.

"காணாமப் போனாக்களுக்கும் நிறமிருக்கோ?"
இருக்கு அம்மா.
"ஒருத்தரும் சொல்லேல்லையே."

முகாம், கச்சேரி, செஞ்சிலுவை, நாலு ஆணைக்குழு.
போன இடமெல்லாம் ஒரு துண்டு கொடுத்தார்கள்.
பால்மா டின் ஒன்றில் அத்தனையும் இருக்கிறது.
மஞ்சள் கேட்டு எழுதவேண்டியது
இந்த நாட்டுப் பொலிஸ்தான் என்பதை
எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்க,
அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்:

"இந்தச் சிவப்பை நீங்கள் அழிச்சால்
பிறகு அவரைத் தேடமாட்டினமோ?"

பதினாறு வருஷம் வாதாடுகிறேன்.
எதிர்த்தரப்பு இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

சுகிர்தனுக்கு இரண்டு பிள்ளைகள்.
மனுவின் கடைசி வரியை மாற்றவில்லை:
தரவு முழுவதையும் நீக்குமாறு
பணிவுடன் வேண்டுகிறோம்.
நாலு மணிக்கு அனுப்பினேன்.

போகும்போது அறிவித்தலில் ஒரு பிரதி கேட்டார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
மகனின் முகம் உள்ளே போக,
பெயர் வெளியே தெரிய,
நாலாய் மடித்தார்.
வாசலில் நின்ற மான் தாளை நோக்கிக் கழுத்தை நீட்டியது.
"ச்சூ" என்றார்.